துளி ஆடியது

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகுக்கு அணைவாக இருக்கிறது. எங்கள் அறையில் இருப்பது ஸ்டூல்தான். அதில் ஒரு கால் குட்டை. மருந்துப் பெட்டி அட்டையை மடித்து அடியில் கொடுத்திருப்போம். வாரம் ஒரு தடவை அட்டை நசுங்கிவிடும், வேறொன்று மடிப்போம். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் தோன்றியது, சொன்னேன்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். முதல் அறை மெஷினில் செத்துப்போன புரோப் எப்படி வந்தது, அது தெரியாமல் மேஜர் எப்படித் தினமும் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு வரியில் சொன்னால் ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்ததுபோல் இருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அவசரமில்லையே?

எங்கள் பிரிவுக்கு வருகிறவர்கள் ஆறாத புண்ணோடு வருகிறவர்கள். முக்கால்வாசி சர்க்கரை நோயாளிகள், முக்கால்வாசி பாதப் புண். மாதக்கணக்கில் மருந்து ஏற்றியும் சில புண்கள் அப்படியே இருக்கும். கிருமிகள் தங்களைச் சுற்றி வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் குடித்தனம் நடத்தும். டாக்டர் அதை பயோஃபிலிம் என்பார். நாங்கள் பாசி என்போம். மருந்து பாசியின் மேலோடு போய்விடும், உள்ளே இறங்காது.

டாக்டர் கொண்டுவந்த முறை இதுதான். காலையில் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது. அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து, காதுக்குக் கேட்காத ஒலியைப் புண்ணின் மேல் செலுத்துவது. ஒலி பாசியை அதிர வைத்துத் தளர்த்தும். தளர்ந்த இடத்தில் மருந்து நுழையும். அப்படி நுழைவதால், மருந்தை வழக்கமான அளவில் பாதியாகக் குறைத்திருந்தார். முழு அளவு கொடுத்தால் சிறுநீரகம் கெடும். பாதி போதும் என்றால் நோயாளிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி. இந்தப் பாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. நானும் அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

இரண்டு அறை, இரண்டு மெஷின். முதல் அறை மேஜருடையது. அவள் பட்டாளத்தில் எல்லாம் இருந்ததில்லை. நிமிர்ந்து நடப்பாள், நிமிஷம் தவறமாட்டாள், அதனால் அந்தப் பெயர். என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டாவது அறை என்னுடையது. நடுவில் ஒரு கதவு, பூட்டில்லாதது. ஆளுக்கு எட்டு நோயாளிகள், பதினாறு வாரச் சிகிச்சை, ஞாயிறும் சனியும் தவிரத் தினமும்.

வேலை பார்வைக்குச் சுலபம். புண்ணின் மேல் ஜெல் தகடு வைத்து, ஒலி வெளிவரும், சோப்புக்கட்டி அளவு இருக்கும் புரோபை அதன்மேல் சிறு சிறு வட்டமாக ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடு ஏறிச் சுட்டுவிடும். அதனால் கை நிற்கவே கூடாது. ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம். எட்டாவது ஆள் முடிந்து எழுந்தால் என் மணிக்கட்டு என்னுடையதாக இருக்காது. வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்ட காலம் உண்டு.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும். மெஷினில் விளக்கு எரியும், கடிகாரம் ஓடும், முடிந்ததும் மணியடிக்கும். இதெல்லாம் ஒலி வருவதற்குச் சாட்சி இல்லை. புரோபுக்குள் இருக்கும் படிகம் விரிசல் விட்டாலும் விளக்கு எரியும், மணியடிக்கும். அதனால் தினமும் காலை எட்டு மணிக்குப் புரோபைத் தலைகீழாகப் பிடித்து, முகத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவோம். ஒலி வந்தால் துளி நடுங்கும், சிலிர்க்கும், ஆவிபோலச் சிதறும். நோட்டில் 'துளி ஆடியது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். பார்க்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் அவரே.

மூன்றாம் மாதம் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, என் கையிலிருந்து புரோப் விழுந்தது. எட்டாவது ஆளுக்கு முடித்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். விரல் மரத்துப்போயிருந்தது. பெரிதாகச் சத்தம்கூட இல்லை. எடுத்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. மறுநாள் காலை துளி விட்டேன். தட்டில் விட்ட தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். தெரியும். அதற்கு முந்தின ஒரு வருஷத்துக்குள் இரண்டு புரோப் உடைத்திருந்தேன். இரண்டாவது தடவை டாக்டர் கோபப்படவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "கை நடுங்குதாம்மா? சொல்லுங்க, ரெஜிஸ்டர் எழுதற வேலைக்கு மாத்தச் சொல்றேன். உட்கார்ந்த இடத்துலயே இருக்கலாம்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இன்னொரு கணக்கும் போட்டேன். புதுப் புரோப் வந்து சேர ஆறு வாரமாகும். மேஜரின் நேரம் நிரம்பி வழிகிறது. என் எட்டுப் பேருக்கும் ஆறு வாரம் ஒலி கிடைக்காமல் போகும். அது அவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? அப்படித்தான் யோசித்தேன். வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று, அதுவரைக்கும் அந்தப் புரோபையே ஓட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்று கவனித்தேன். கை வலிக்கவில்லை. ஒலி வராத புரோபை ஒரே இடத்தில் வைத்திருக்கலாம், சுடாது. நடுநடுவே நிறுத்தலாம். நோயாளியோடு பேசிக்கொண்டே விரலை நீட்டி மடக்கலாம். வீட்டுக்குப் போய் நானே துணி பிழிந்தேன். பல வருஷத்துக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினேன். திங்கள்கிழமை சொல்லலாம் என்று விட்டேன். அப்புறம் திங்கள்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன.

தினமும் துளி விட்டுப் பார்த்தேன். அதை நான் ஒரு நாளும் தவிர்த்ததில்லை. துளி ஆடாது. ஆடியது என்று எழுதுவேன்.

என் எட்டுப் பேரில் ஒருவர் என் அத்தான். அக்கா வீட்டுக்காரர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை, ஏணியிலேயே வாழ்க்கை. ஆணி ஒன்று குதிகாலில் ஏறி, சர்க்கரையும் சேர்ந்து, எட்டு மாதமாக ஆறவில்லை. வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தவரை நான்தான் அழைத்து வந்தேன். "எங்க ரூமுக்கே வாங்க அத்தான், நான் பார்த்துக்கறேன்," என்றேன். புரோப் விழுவதற்கு இரண்டு வாரம் முன்னால்.

பாசி விஷயத்தை அவருக்கு விளக்கியபோது சட்டென்று பிடித்துக்கொண்டார். "அட, நம்ம வேலைதான் இது. பழைய சுவத்துல செதில் செதிலா நிக்கிற பெயின்டைச் சுரண்டாம மேல அடிச்சா ஒட்டுமா? நீ சுரண்டறே, அவங்க பூசறாங்க. அப்போ நீதான் மெயின் ஆளு, டாக்டரம்மா." அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கேலிதான், ஆனால் வார்டில் எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிடுவார்.

எப்படிப்பட்ட ஆள் என்றால், புண்ணில் கட்டுப் போட்டிருக்கும்போதே எங்கள் அறைச் சுவரைப் பார்த்துவிட்டு, "யாருய்யா இதுக்கு அடிச்சது, மாட்டு வாலால அடிச்சானா?" என்று கேட்பார். குதி ஆறியதும் தானே வந்து இலவசமாக அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

புரோப் விழுந்த நாலைந்து நாளில் அவர் கேட்டார்.

"டாக்டரம்மா, முன்னாடி எலும்புகிட்ட ஒரு குடைச்சல் இருக்கும்ல? இப்ப அது காணோமே. சுரண்டற மாதிரியே இல்லை."

மற்ற ஏழு பேரும் வலி இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் ஒருத்தர்தான் கேட்டார்.

"பாசி மெலிஞ்சிடுச்சு அத்தான். மெலிஞ்சா குடைச்சல் இருக்காது. நல்ல அறிகுறி," என்றேன்.

"அப்படிச் சொல்லு," என்றார். அன்று சாயங்காலம் அக்கா போனில் அழுதாள், சந்தோஷத்தில். நான் அவளை அழ விட்டேன். அந்த வீட்டில் சந்தோஷப்பட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பதினோரு வாரம் போனது. எட்டுப் பேரில் மூன்று பேருக்குத் தானாகவே ஆறிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு தெம்பு. பாதி மருந்தே வேலை செய்கிறது, ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். தபால் பிரிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ரொம்ப மரியாதையானவர், தினமும் கிளம்பும்போது கைகூப்பிவிட்டுப் போவார். அவருக்குக் கிருமி ரத்தத்தில் ஏறி, காய்ச்சல் வந்து, நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார். எழுபத்தொரு வயது. வயதும் ஒரு காரணம்.

மேஜரின் எட்டுப் பேரில் ஏழு பேருக்கு ஆறிக்கொண்டிருந்தது.

டாக்டர் முட்டாள் இல்லை. இரண்டு அறைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார், "மெஷின் சரியா இருக்காம்மா?"

"தினமும் துளி விட்டுப் பார்க்கிறேன் டாக்டர்," என்றேன். அது பொய்யில்லை.

இருந்தாலும் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். மீதி நாட்களில் பத்து நாள் நோயாளிகளை மாற்றி அனுப்புவது. என்னிடம் மிச்சமிருந்தவர்கள் மேஜரிடம், மேஜரின் ஆட்கள் என்னிடம். அங்கே போயும் ஆறாவிட்டால் குறை அந்த நோயாளிகளின் உடம்பில். ஆற ஆரம்பித்தால் குறை என் அறையில். நியாயமான யோசனை. நானும் தலையாட்டினேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், ஐயா.

மேஜர் எட்டு மணிக்குத் துளி விட்டுப் பார்ப்பாள். அவள் நோட்டில் எழுதியதெல்லாம் உண்மை. பத்து மணிக்கு டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போவாள், கால் மணி நேரம். ஒலி கொடுப்பது பத்தரைக்குத்தான் ஆரம்பம். அந்தக் கால் மணி நேரத்தில் நடுக்கதவு வழியாகப் போய், அவள் புரோபைக் கழற்றி என் மெஷினில் மாட்டி, என் புரோபை அவள் மெஷினில் மாட்டுவேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒட்டியிருந்த எண் கழுவிக் கழுவி அழிந்துவிட்டது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் திரும்ப மாற்றிவிடுவேன். இரண்டு நிமிஷ வேலை.

ஒன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மேஜரின் நோயாளிகளுக்கு அந்தப் பத்து நாளில் ஒரு குறையும் வரவில்லை. நல்ல புரோபால், வட்டம் பிசகாமல், இருபது நிமிஷம் முழுதாகக் கொடுத்தேன். என் மணிக்கட்டு பழையபடி வீங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாளே மேஜர் சொன்னாள், "அக்கா, என்னமோ தெரியலை, புரோப் கையில சூடே ஏற மாட்டேங்குது."

"ஏசியை இப்படிக் குளிர வச்சா எங்கே ஏறும்? உனக்கே சூடு ஏறலை, அதுக்கு எங்கே ஏறப்போகுது?" என்றேன். சிரித்துவிட்டாள். என்னை அவ்வளவு நம்புகிறவள்.

நாலாம் நாள், வியாழக்கிழமை, கேன்டீனில் பூச்சி மருந்து அடிக்கிறார்கள் என்று மூடியிருந்தார்கள். மேஜர் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். மாற்ற முடியவில்லை. அன்று அத்தானுக்கு நிஜமான ஒலி கிடைத்தது.

முடிந்ததும் நொண்டிக்கொண்டே என் அறைக்கு வந்து தலையை நீட்டினார். நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டரம்மா, உன் ஃப்ரெண்டு இன்னிக்கு நல்லாச் சுரண்டிட்டா. பழைய குடைச்சல் வந்துடுச்சு. நீ பாசம் காட்டி மெல்ல மெல்லத் தடவிட்டிருந்தியா? சுவத்துகிட்டப் பாசம் காட்டினா பெயின்ட் நிக்காதுடி."

வெள்ளிக்கிழமை காலை கட்டுப் பிரித்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். பாசி கொஞ்சம் கழன்று கட்டோடு வந்திருந்தது. அடியில் சிவப்பாகச் சதை தெரிந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் அந்தப் புண்ணில் சிவப்பைப் பார்த்தது அன்றுதான். டாக்டர் அத்தானின் தோளைத் தட்டி, "இப்படியே பத்து நாள் போச்சுன்னா ஏணி ஏறலாம்," என்றார். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்போது மணி ஒன்பதரை. நான் என் அறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன், படபடப்பில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். இன்னும் நாலு நாள் இப்படியே விட்டால் அத்தானுக்கு ஆறும். அவருக்கு ஆறினால் குறை என் அறையில் என்று தெரியும். மெஷினைப் பிரிப்பார்கள். நோட்டை எடுப்பார்கள். பதினோரு வாரத்துக்கு 'துளி ஆடியது' இருக்கும், என் கையெழுத்தோடு. விரல் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தபால்காரரின் மகன் இருக்கிறான். அத்தானுக்குத் தெரியவரும், அக்காவுக்குத் தெரியவரும். அவர்களால் அதைத் தாங்க முடியாது என்று எனக்குப் பட்டது.

பத்து மணிக்குக் கேன்டீன் திறந்திருந்தது. மேஜர் டீ குடிக்கப் போனாள். நான் மாற்றினேன்.

அன்று கட்டில் ஏறிப் படுத்தபோது அத்தான், "மேஜரம்மா, நேத்து மாதிரியே போடுங்க," என்று சொன்னது கதவு வழியாகக் கேட்டது. நேற்று மாதிரியேதான் போட்டாள் அவள். கை நிற்காமல், இருபது நிமிஷமும்.

அதற்குப் பின் ஒரு நாளும் தவறவில்லை. பத்து நாளில் ஒன்பது நாள் மாற்றினேன். எட்டாம் நாள் சிவப்பு மறைந்து மறுபடி வழவழப்பு வந்துவிட்டது. பத்தாம் நாள் மதியம், எல்லாருக்கும் முடிந்த கையோடு, டாக்டர் வந்து போதும் என்றார். இந்த ஆட்களின் உடம்புக்கு இந்த முறை ஒத்துவரவில்லை என்று எழுதிக்கொண்டார். அப்போதே இரண்டு மெஷினையும் அணைத்து, உறை போட்டு, அறைகளைப் பூட்டச் சொன்னார். அதனால்தான் திரும்ப மாற்ற எனக்கு நேரம் கிடைக்கவில்லை. என் புரோப் மேஜரின் மெஷினிலேயே தங்கிவிட்டது.

மறுவாரம் அத்தானுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எலும்பு வரைக்கும் போய்விட்டிருந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்ததாலதான் இத்தனை நாளாவது தாங்குச்சு," என்றாள். நான் அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

வருஷாந்திரச் சோதனைக்கு மெஷின்காரர் போன மாதம் வந்தார். முதல் அறைப் புரோபில் ஒலியே இல்லை, உள்ளே படிகம் விரிசல் விட்டு நாளாகிவிட்டது என்றார். என் மெஷின் சரியாக இருந்தது. மேஜரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். முந்தாநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். எப்போதும் நிமிர்ந்து உட்காருகிறவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் தினமும் துளி விட்டேன். ஆடிச்சு. என் கண்ணாலயே பார்த்தேன். எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நீங்க பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்," என்றேன்.

அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். அவள் மேல் தப்பில்லை. பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அவள் தலையில் போயிருக்கும், எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த மாதிரி ஆள் நான் இல்லை, ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், போலீசில் கொடுங்கள், எனக்குச் சம்மதம். களைத்துத்தான் போயிருக்கிறேன். ஆனால் அத்தானிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. போன வாரம்தான் செயற்கைக் கால் மாட்டியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் நான் போய் நடக்கப் பழக்குகிறேன். பயிற்சிக்கு வருகிற பையன்கள் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். இது தெரிந்துவிட்டால், பாவம், அவருக்குப் பிடித்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள்.